அது ஆளிருக்கும் வீடு

அந்த நாற்பது செகண்ட் வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். இன்பாக்ஸில் இனி யாரும் அனுப்ப வேண்டாம், போதும். எந்த மாதா கோவில், யார் அந்த ஜோடி என்று எழுதப்போவதில்லை. புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. பூசை நடுவில், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடிக்கிற நேரத்தில், நடுப்பாதையில் கவுனை விரித்துப்போட்டு போட்டோ எடுத்தவர்களை, கோவிலைக் கவனித்துக்கொள்ளும் கோவில்பிள்ளை வெளியே போகச் சொன்னார். அதற்குத்தான் 'டூரிஸ்ட்டை விரட்டும் பெருசு', 'இவர் அப்பன் வீட்டுச் சொத்தா' என்றெல்லாம் கமெண்ட்.

அப்பன் வீடுதான் ஐயா. தினமும் அங்கே முழந்தாளிட்டு 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று சொல்கிறவருக்கு அது வேறு யார் வீடு?

நம்பிக்கை இல்லாதவர்களுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். அது ஆளிருக்கும் வீடு. வெளியே நூற்றாண்டு பழைய தூண், உள்ளே இன்றைக்குக் காலையில் வந்து உட்கார்ந்த ஜனம். ஆளிருக்கும் வீட்டுக்குள் போகும்போது என்ன செய்வோமோ அதைச் செய்தால் ஒரு கோவில்பிள்ளையும் உங்களை விரட்டமாட்டார்.

என்ன செய்வது என்று தெரியாமல்தான் வருகிறார்கள், பாவம், என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். சரி தம்பி, சொல்லிவிடுகிறேன். வாசலில் பூசை நேரம் போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள். வாரநாள் பூசை அரைமணி சொச்சத்தில் முடியும், ஞாயிறு பூசை ஒரு மணியைத் தாண்டும். முடிந்ததும் உடனே நுழையாமல் பதினைந்து நிமிஷம் விடுங்கள், தனியாகச் செபம் சொல்ல நிற்கிறவர்கள் எழுந்து போகட்டும். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். தோளும் முட்டியும் மறைந்திருக்கட்டும், ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுங்கள். வாசலோரத் தொட்டியில் இருப்பது தீர்த்தம், கை கழுவுகிற தண்ணீர் இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் பேழைக்குள் நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலாக நாங்கள் நம்பும் அப்பம், இருக்கிறது என்று அர்த்தம். அந்த விளக்குக்கு முன்னால் முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதுதான் ஜனத்துக்கு மிகவும் வலிக்கிற விஷயம். தப்பித்தவறிப் பூசை நடுவில் போய்விட்டால் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். மணி அடித்து எல்லோரும் முழந்தாளிடும்போது நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம், தப்பே இல்லை. நடக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த அப்பத்தை, நாங்கள் நன்மை என்போம், வாங்கும் வரிசையில் விளையாட்டுக்குப் போய் நிற்காதீர்கள்.

இதில் எது கஷ்டம்?

போன வருஷம் ஒரு குடும்பம், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் பிள்ளையை உட்காரவைத்து, வலைக்கம்பி வழியாக எட்டிப்பார்க்கச் சொல்லிப் படமெடுத்தது. சுமார் பத்தடி தள்ளி ஒரு அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார், சாமியாருக்காகக் காத்துக்கொண்டு. எதைச் சொல்ல வந்தாரோ, பத்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போய்விட்டார். அந்தப் படத்துக்கு எத்தனை லைக் வந்திருக்கும்?

படம் எடுக்காதே என்று நான் சொல்லவேயில்லை. எடுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு எடுங்கள். துய்மா வீதியில் இருக்கிற தூதர்களின் மாதா கோவில், எங்கள் ஊர்க்காரர்கள் கப்புச்சின் சாமியார்களை வைத்துக் கப்ஸ் கோவில் என்று சொல்வது, 1855-இல் கட்டி முடித்தது. அதன் முகம் கிழக்கே, கடலைப் பார்த்து இருக்கிறது. காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் வெயில் முகப்பில் நேராக விழும். மதியத்துக்கு மேல் வந்தால் சூரியன் கோவிலுக்குப் பின்னால், உங்கள் படத்தில் முகப்பு கறுப்பாகத்தான் வரும். பிறகு 'நேரில் சுமார்தான்' என்று ரிவ்யூ போடுவீர்கள். பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், அதனால் அதிகாலையில் அந்தப் பக்கம் ஹாரன் சத்தமும் குறைவு. உள்ளே பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கொடுத்ததாகச் சொல்லும் விண்ணேற்பு மாதா ஓவியம் இருக்கிறது. ஃபிளாஷ் போட்டால் வார்னிஷில் பட்டு மாதா முகத்தில் வெள்ளைத் திட்டுதான் விழும். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்று எடுங்கள்.

அந்தக் கோவில் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு என்பார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரம் தானாக வெளியே வந்து காயும். அதன்மேல் சிமெண்டைப் பூசினாலோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கடற்காற்றின் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு உதிரும். இது தெரியாமல் 'டெகரேஷன்' என்று இருபக்க டேப்பை ஒட்டிவிட்டு, உரிக்கும்போது உள்ளங்கை அகலத்துக்கு மேல்பூச்சையும் சேர்த்து உரித்துப் போகிறார்கள். அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர ஆள் தேடினால் லேசில் கிடைக்காது. ஆளிருக்கும் வீட்டுச் சுவர் என்று நினைத்திருந்தால் ஒட்டுவீர்களா?

கன்னியர் மடத்துக்கும் இதே கதைதான். குளூனி சிஸ்டர்கள் புதுச்சேரிக்கு வந்தது 1827-இல். ரோமன் ரோலன் வீதி மடத்தில் இன்றைக்கும் பெண்கள் உட்கார்ந்து துணியில் பூவேலை செய்கிறார்கள். வேலைநாள் பகலில் போனால் பார்க்கலாம், வாங்கலாம். நிறைய பேர் தூண் வரிசையில் சாய்ந்து நின்று போஸ் கொடுத்துவிட்டு, தையல்காரம்மாவின் தலையைப் படத்திலிருந்து வெட்டிவிட்டுப் போகிறார்கள். வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் மேசைத்துணியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மெஷின் வேலையில் அடியில் பெரும்பாலும் வெள்ளை நூல் ஓடும். கைவேலையில் முன்னால் என்ன நிறமோ பின்னாலும் அதேதான், நூல் முனையைத் தையலுக்குள்ளேயே ஒளித்திருப்பார்கள். விலை அதிகம் என்று பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரு இதழை முடிக்க எத்தனை குத்து என்று எண்ணிப் பாருங்கள்.

கப்ஸ் கோவிலுக்கு எதிரே பிரெஞ்சு வீராங்கனை ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) சிலை நிற்கிற அந்தச் சின்னச் சதுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செடி, பளிங்குச் சிலை, நிழல். 1431-இல் எரித்துவிட்டு 1920-இல் புனிதர் ஆக்கினார்கள் அந்தப் பெண்ணை. அந்தச் சிலையின் காலடியில் ஸ்பீக்கர் வைத்து ஆடாமல் இருந்தால் புண்ணியம்.

இனி என்னைத் திட்டுகிறவர்களுக்கு. 'டூரிஸ்ட் வந்தால்தான் ஊருக்குக் காசு.' தெரியும். கோவிலுக்குள் போக டிக்கெட் கிடையாது என்பதும் தெரியும். 'அவர் நல்லவிதமாகச் சொல்லியிருக்கலாமே.' இருக்கலாம். குரல் உயர்ந்தது உண்மைதான். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

மூன்றாவது ஆள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 'வெள்ளைக்காரன் கட்டிய ஆதிக்கச் சின்னத்துக்கு என்ன மரியாதை' என்று கேட்டிருக்கிறார். படித்தவர், நண்பர். வரலாற்றை எனக்குச் சொல்லித்தருகிறாராம்! 1748-இல் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோவிலை இடித்ததை, பிரெஞ்சுக் கவர்னரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார், படித்தால் இன்றைக்கும் நெஞ்சு எரியும். 1745-இல் சம்பா கோவில் என்கிற கத்தோலிக்கக் கோவிலுக்குள் சாதி பார்த்து நடுவே நிறுத்தியிருந்த சுவரைப் பற்றிய சண்டையும் அதே நாட்குறிப்பில்தான் இருக்கிறது. அந்தப் பழைய சம்பா கோவிலையும் 1761-இல் இங்கிலீஷ்காரன் இடித்தான். இப்போது மிஷன் வீதியில் நிற்பது 1791-இல் முடித்தது. எதையும் நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து 'வெள்ளைக்காரன் சின்னம்' என்கிறீர்களே, அவர்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள்?

கடலோரத் தெருக்களுக்குச் சொல்லும் இந்த 'ஒயிட் டவுன்' என்கிற பேரே எனக்குப் பிடிக்காது. ஊர் நடுவே ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளையர் நகரம், இந்தப் பக்கம் கருப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரன் பிரித்துவைத்த பேரை இன்றைக்கு நாமே ஹேஷ்டேக் போட்டு விற்கிறோம். வருகிறவர்களும் வாய்க்காலைத் தாண்டுவதில்லை. மஞ்சள் சுவர், காகிதப்பூ, காபி, கிளம்பு. சம்பா கோவில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது, அங்கே எத்தனை பேர் வருகிறீர்கள்? 1954-இல் பிரெஞ்சுக்காரன் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் வாங்கும் கிழவர் போகவில்லை. பூவேலை செய்கிற அம்மா போகவில்லை. போட்டோவில்தான் அவர்கள் இல்லை.

மறுநாள் காலை அந்தக் கோவிலுக்குப் போனேன். கோவில்பிள்ளை பெஞ்சுக்கு அடியில் குனிந்திருந்தார். ஜோடி தூவிய மினுமினுப்புத் தாள் பலகை இடுக்கில் புகுந்து துடைப்பத்துக்கு வரவில்லை. ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். வீடியோவைப் பற்றிக் கேட்டேன். "எந்த வீடியோ தம்பி?" என்றார்.