கபிலரிடம் யாரும் கேட்காத கேள்வி

இருபத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்தியிருக்கிறேன். குறுந்தொகையின் 25-ஆம் பாடலையும் 27-ஆம் பாடலையும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் நடத்துவது என் வழக்கம். முதலாவது கபிலர் பாடியது. களவில் தன்னைக் கூடியவன் நாளை இல்லையென்று சொல்லிவிட்டால் சாட்சிக்கு யார் இருக்கிறார்கள், ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற, தினைத்தாள் போன்ற பசிய சிறுகால்களையுடைய குருகு ஒன்றுதானே இருந்தது என்று ஒரு பெண் சொல்லும் பாட்டு. இரண்டாவது வெள்ளிவீதியார் பாடியது. கன்றும் குடிக்காமல், கறக்கும் கலத்திலும் விழாமல், நல்ல பசுவின் இனிய பால் மண்ணில் சிந்தி வீணானதைப் போல, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் மாமை அழகைப் பசலை என்னும் பிரிவு நோயின் வெளிறல் தின்னப் பார்க்கிறதே என்று ஒரு பெண் சொல்லும் பாட்டு.

கபிலரின் பாட்டை நடத்தும்போது அந்தக் குருகைப் பற்றி அரைமணி நேரம் பேசுவேன். அது பார்த்திருக்கும், ஆனால் அதன் கவனமெல்லாம் மீனின்மேல் இருந்திருக்கும், பார்த்திருந்தாலும் வாய் திறந்து சொல்லாது என்று அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் மூன்று கையறு நிலைகளையும் பிரித்துக் காட்டுவேன். வெள்ளிவீதியாருக்கு வந்ததும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். 'இவர் தலைவனைப் பிரிந்து, அவனைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர். தம் சொந்தத் துயரத்தைத்தான் பாடியிருக்கிறார்' என்று தொடங்குவேன். வகுப்பு அமைதியாகிவிடும். பாலைப் பற்றியும் கன்றைப் பற்றியும் பேச அதன் பிறகு பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, அந்தக் குருகுப் பாட்டும் ஒரு பொம்பள பேசுறதுதானே? அதுக்குக் கபிலரோட சொந்த வாழ்க்கையைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

கபிலர் புலனழுக்கற்ற அந்தணாளர், அவர் கூற்று வகுத்து, அதாவது பேசும் குரலைப் படைத்துக்கொண்டு, பாடியிருக்கிறார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பதில் தவறு என்பது எனக்கே தெரிந்திருந்தது. கூற்று வகுத்துப் பாடும் திறன் கபிலருக்கு உண்டென்றால் வெள்ளிவீதியாருக்கு மட்டும் ஏன் அது இல்லாமல் போயிற்று என்ற கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

எழுதியவரின் வாழ்க்கையைக் கொண்டு எழுத்தின் பொருளை அறியலாமா என்ற விவாதம் நம்மிடம் வேறு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் இது இலக்கணமாகவே வகுக்கப்பட்ட விஷயம். மக்களின் காதலைப் பாடும் அகன் ஐந்திணையில் 'சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் சொல்கிறது. காதல் பாட்டில் இன்னாரின் காதல் என்று பெயர் சுட்டக் கூடாது. பெயர் வந்துவிட்டால் அது காதலைப் பாடும் அகம் ஆகாது, போரையும் அரசரையும் பாடும் புறமாகிவிடும். இந்த விதியை நம் முன்னோர் எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நெடுநல்வாடையே போதும். போர்ப் பாசறையில் தலைவன், அரண்மனையில் உறக்கமின்றித் தவிக்கும் தலைவி என்று முழுக்க அகமாக நடக்கும் அந்த நீண்ட பாட்டில், 'வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகம்' என்று ஓர் அடி வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஒரு வேலின் தலையில் கட்டிய அந்த வேப்பந்தாரைக் கண்டு, இது இன்ன அரசனைச் சுட்டுகிறது, ஆகவே இது புறம் என்று தீர்ப்பு எழுதினார் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு பூவுக்கே இந்தப் பாடு. (நச்சினார்க்கினியரிடம் கட்டுரை கொடுத்து மதிப்பெண் வாங்க நேராத தலைமுறையில் பிறந்தது என் நல்லூழ்.)

பெயரை மறைப்பது நாணத்தால் மட்டும் வந்த விதி என்று எனக்குத் தோன்றவில்லை. பெயர் இல்லாத இடத்தில்தான் படிப்பவர் தம் பெயரை வைத்துக்கொள்ள முடியும். 'செம்புலப் பெயல்நீர் போல' என்று எழுதியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எழுதிய தொடரையே அவருக்குப் பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று அழைக்கிறோம். ஓரேருழவர், குப்பைக் கோழியார், அணிலாடு முன்றிலார் என்று இப்படி எத்தனையோ பேர். அவர்கள் யாரை மணந்தார்கள், யாரைப் பிரிந்தார்கள் என்று ஒரு வரிச் செய்தியும் இல்லை. அதனால் அந்தப் பாட்டுகளில் எந்தக் குறையும் தெரியவில்லை.

அதற்காக வாழ்க்கையே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடவும் முடியாது. புறநானூற்றின் 112-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்' என்று தொடங்கும் ஐந்தே அடிகள். அன்றைய நிலவில் எங்கள் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய நிலவில் வென்று முரசறையும் வேந்தர்கள் எங்கள் குன்றைக் கொண்டுவிட்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. பாட்டுக்குள் பாரி என்ற பெயரும் இல்லை, அவன் ஆண்ட பறம்பு மலையின் பெயரும் இல்லை. பாரி மகளிர் பாடியது என்ற குறிப்பை எடுத்துவிட்டாலும் பாட்டு வாசகனை அழவைக்கும். ஆனால் 'வென்றெறி முரசின் வேந்தர்' என்ற தொடர் வெறும் அடைமொழியாகச் சுருங்கிவிடும். மூவேந்தரும் கூடி முற்றுகையிட்டும் போரில் பறம்பைக் கொள்ள முடியாது, பாடியும் ஆடியும் இரந்து சென்றால்தான் அது கிடைக்கும் என்று கபிலர் பாடிய பின்னணியில் படிக்கும்போதே, அந்த 'வென்று' என்ற சொல்லில் இரண்டு பெண்கள் வைத்திருக்கும் ஏளனம் நம் காதில் விழுகிறது. அழுகையின் நடுவே எழும் அந்த ஏளனம்தான் பாட்டின் முதுகெலும்பு. வாழ்க்கைச் செய்தி இங்கே பாட்டின் ஒரு சொல்லைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

ஆண்டாளின் நிலை வேறு. 'பட்டர்பிரான் கோதை சொன்ன' என்று பாசுரத்தின் கடைசியில் அவளே பெயரைப் பொறித்து வைக்கிறாள். அவளது ஊரும் தந்தையும் பாட்டுக்குள்ளேயே வருகின்றன. அங்கே நாம் வாழ்க்கையைத் தேடிப் போகவில்லை, அவளே நம்மை வாசலில் நின்று அழைக்கிறாள்.

வெள்ளிவீதியார் அப்படி யாரையும் அழைத்ததாகத் தெரியவில்லை. அவர் அலைந்து திரிந்தவர் என்ற செய்தி ஔவையார் பாடிய அகநானூற்றின் 147-ஆம் பாட்டிலிருந்து வருகிறது. 'வெள்ளி வீதியைப் போல நன்றும் செலவயர்ந் திசினால் யானே' என்று அதில் தலைவி சொல்கிறாள். வெள்ளிவீதியாரே அகநானூற்றின் 45-ஆம் பாட்டில், காதலனை இழந்த ஆதிமந்தியைப் போல நானும் கலங்கி அலைவேனோ என்று தம் தலைவியைப் பேச வைக்கிறார். ஆதிமந்தியார் பெயரில் குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது. மள்ளர் என்னும் வீரர் கூடும் விழாவிலும் மகளிர் ஆடும் துணங்கைக் கூத்திலும் தலைவனைத் தேடிக் காணாத ஆடுகள மகளின் பாட்டு. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் துயரத்தை உவமையாக எடுக்கிறாள், அவளை மூன்றாமவள் எடுக்கிறாள். எனக்கு இது ஒரு கவி மரபு கைமாறிச் செல்லும் அழகிய சங்கிலி. நாமோ அதை மூன்று பெண்கள் காதலனைத் தொலைத்த வழக்கின் சாட்சியப் பத்திரமாக்கிவிட்டோம். ஔவையின் அந்த ஓரடி உண்மை நிகழ்ச்சியையே குறிப்பதாக இருக்கட்டும். அந்த ஓரடியை வைத்து வெள்ளிவீதியாரின் எல்லாப் பாட்டுகளையும் அவரது நாட்குறிப்பாக்கியது எந்த நியாயம்?

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு அவருடைய பாட்டுகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். குறுந்தொகையில் மட்டும் அவர் பெயரில் எட்டுப் பாட்டுகள் உள்ளன. 146-ஆம் பாட்டில் பேசுபவள் தோழி. கையில் தண்டு ஊன்றிய நரைத்த தலைப் பெரியவர்கள் பெண் கேட்டு வந்து நிற்க, நன்று நன்று என்பவர்களோடு இந்தப் பக்கத்துச் சபையும் 'இன்று பெருமைக்குரிய நாள்' என்கிறது. நம் ஊரிலும் பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று அவள் மகிழ்கிறாள். மணப்பேச்சு நடக்கும் வீட்டின் பரபரப்பு அதில் அப்படியே இருக்கிறது. கணவனைத் தேடி அலைந்த துயரம் இதில் எங்கே இருக்கிறது?

58-ஆம் பாட்டு இன்னும் வியப்பானது. அதில் பேசுபவன் ஆண். காதல் நோயில் மெலிந்த தலைவனை அவன் தோழனான பாங்கன் இடித்துரைக்கிறான். அதற்குத் தலைவன் சொல்லும் மறுமொழி அது. வெயில் காயும் சூடான பாறையில் வெண்ணெய் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காவல் காப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. உருகுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே அவனால் முடியும். எடுக்கவும் முடியாது, யாரையாவது கூப்பிடவும் முடியாது. அப்படிப் பரவுகிறது என் நோய் என்கிறான் தலைவன். ஆண் மனத்தின் இயலாமையை இதற்குமேல் சொன்ன பாட்டை நான் படித்ததில்லை. அதை எழுதியவர் ஒரு பெண். மண்ணில் சிந்தும் பாலையும் பாறையில் உருகும் வெண்ணெயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீணாகும் உணவு என்ற ஒரே பொருளை ஒருமுறை பெண்குரலிலும் ஒருமுறை ஆண்குரலிலும் வைத்துப் பார்த்திருக்கிறார். சொந்தக் கதையை அழுது தீர்த்தவரின் கை இல்லை இது. தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தவரின் கை. இருபது ஆண்டுகளாக 27-ஐ நடத்திய நான் 58-ஐ அவர் பெயரோடு சேர்த்து ஒருநாளும் நடத்தவில்லை. நான் சொல்லிவந்த கதைக்கு அது இடைஞ்சலாக இருந்திருக்கும்.

இன்னொரு பெண் புலவரான நக்கண்ணையாருக்கும் இதே கதிதான். புறநானூற்றின் 83, 84, 85-ஆம் பாட்டுகளில் ஒரு வீரன்மேல் காதல் கொண்ட பெண் பேசுகிறாள்: தாய்க்கு அஞ்சுகிறேன், அவையோருக்கு நாணுகிறேன், வெற்றி அவனுக்கே என்று சிலரும் இல்லையென்று சிலரும் சொல்ல, பனைமரத்தைப் பற்றி நின்று அவன் வெல்வதை என் கண்ணால் கண்டேன். மூன்றிலும் அரசனின் பெயர் கிடையாது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியை அவர் காதலித்துப் பாடினார் என்று பாட்டின் கீழுள்ள பழைய குறிப்புச் சொல்வதால் மூன்றும் புறத்துக்குப் போய்விட்டன. நெடுநல்வாடையில் பாட்டுக்கு உள்ளே ஒரு வேப்பம்பூவாவது இருந்தது.

இக்காலத்துக்கு வந்தாலும் தராசு அப்படியே சாய்ந்துதான் இருக்கிறது. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாகவே வந்திருக்கின்றன. அவர் பட்ட வறுமையும், பிரிந்திருந்த துயரமும், 1948-இல் காசநோய் அவரைக் கொண்டுபோனதும் எல்லோருக்கும் தெரியும். 1943-இல் வந்த 'செல்லம்மாள்' கதையில், சென்னையில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்கு எல்லாப் பணிவிடையும் செய்து, கடைசியில் அவள் உடலோடு தனியே இருக்கிறார். கடிதங்களையும் கதையையும் ஒன்றாகப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, பக்கத்தில் இருக்க முடியாத கணவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும் கணவரை எழுதிப் பார்த்திருக்கிறார் என்பது. இது என் ஊகம். கதை இந்த ஊகத்தை நம்பி நிற்கவில்லை. கவனிக்க வேண்டியது, இவ்வளவு ஆவணம் கையில் இருந்தும் 'செல்லம்மாள்' கதையை யாரும் புதுமைப்பித்தனின் சொந்தக் கதை என்று சொல்லி மூடிவைப்பதில்லை. அவருடைய கலைக்கு உரிய தூரத்தை நாம் கேட்காமலே கொடுத்துவிடுகிறோம்.

கவிஞரும் நாவலாசிரியருமான சல்மாவுக்கு அந்தத் தூரத்தை நாம் கொடுத்தோமா? துவரங்குறிச்சியில் பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, அந்த எழுத்தை ஒரு புனைபெயருக்குள் ஒளித்துவைத்தவர் அவர். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பையும் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலையும் படிக்க அந்த வாழ்க்கை உதவுகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அவரைப் பற்றிய பேச்சைக் கேளுங்கள். திட்டியவர்களும் வாழ்க்கையைத்தான் பேசினார்கள், பாராட்டியவர்களும் வாழ்க்கையைத்தான் பேசினார்கள். 'எவ்வளவு துணிச்சல்' என்று சொல்லி முடித்துவிட்டால், அந்த நாவலில் அத்தனை பெண்களின் பேச்சும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்று யார் பார்ப்பது? இதன் அருகில் இன்னொன்றை வையுங்கள். எழுத்தாளர் எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு வசதி. ஒளிந்துகொள்ளும் தேவை அவருக்கு இருக்கவில்லை.

என் வகுப்புகளின் கடைசி இரண்டு ஆண்டுகளில் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். புலவர் பெயரையும் கூற்றுக் குறிப்பையும் நீக்கிவிட்டுக் குறுந்தொகைப் பாட்டுகள் சிலவற்றை அச்சிட்டுக் கொடுத்து, இவற்றில் பெண் எழுதியது எது, ஆண் எழுதியது எது என்று எழுதித் தரச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் குருகுப் பாட்டைப் பெண் எழுதியது என்றும் வெண்ணெய்ப் பாட்டை ஆண் எழுதியது என்றும் எழுதியிருந்தார்கள். பெயர்களைச் சொன்னதும் பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்போ கபிலரை யார் சார் ஏமாத்திட்டுப் போனது?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். இருபது ஆண்டுகளாக வெள்ளிவீதியாரைப் பற்றி இதே செய்தியை நான் சொன்னபோதெல்லாம் ஒருவரும் சிரித்ததில்லை; பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள்.