சொல்வழி கேட்டலும் அடங்கிப் போதலும்

‘டோசைல்’ (docile) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘அடிமைபோல் அடங்கி நடப்பவர்’ என்று மட்டும் நான் வாசித்த ஒரு கட்டுரை பொருள் தந்திருப்பது, கிளிநொச்சியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த எனக்கு வருத்தம் தருகிறது. ‘கற்பித்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த அச்சொல், 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘எளிதில் கற்கக்கூடியவர்’ என்பதையே குறித்தது. ‘டொக்டர்’ என்பதும் அதே வேரில் முளைத்ததுதான். பணிந்து போதல் என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் அதன்மீது படிந்தது.

கீழ்ப்படிதலைக் குறிக்கும் ‘ஒபீடியன்ஸ்’ (obedience) என்பதோ ‘கேட்டல்’ என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது. எங்கள் தாய்மார் ‘சொல்வழி கேள்’ என்று பிள்ளைகளைக் கண்டிக்கையில் அதே கருத்து தமிழிலும் இயல்பாக அமைந்திருப்பதை வகுப்பில் சுட்டும்போதெல்லாம் மாணவர் முகம் மலரும்.

கிளிநொச்சி அடங்கிய வன்னிப் பகுதிக்கு ‘அடங்காப்பற்று’ என்ற பழம்பெயர் உண்டு. பற்று என்பது நிலப்பிரிவு, அடங்கா என்பது எவருக்கும் கீழ்ப்படியாத தன்மை. அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு, கற்கும் ஆவலையும் அடிமைத்தனத்தையும் ஒன்றாகக் குழைத்துக் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் அச்சொல்லின் முதற்பொருளையும் அக்கட்டுரையில் சேர்க்குமாறு அதன் ஆசிரியரை அன்புடன் வேண்டுகிறேன்.