பாங்காக் மலிவாம்! ரயில் நிலையத்தில் கேட்டுக்குக் கேட் வாங்கும் காசை எந்தக் கணக்கில் எழுதுவது?

"பாங்காக் மலிவு" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். தெருவோரத்தில் 60 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) வயிறு நிறையும், அறை வாடகை சிங்கப்பூர் விலையில் பாதிகூட வராது, மசாஜ் மலிவு, துணி மலிவு. சரி, அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்த அறையிலிருந்து அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர எவ்வளவு ஆகும் என்று யாராவது எழுதுகிறார்களா? நகரத்துக்குள் நகர்வதற்கு ஆகும் காசைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு நகரத்தை மலிவு என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

அசோக் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பாலத்தில் பிடிஎஸ் ரயில் ஓடுகிறது, கீழே சுரங்கத்தில் எம்ஆர்டி நீலத் தடம் ஓடுகிறது. இரண்டும் ஒரே சாலைச் சந்திப்பு, நடுவில் ஒரு எஸ்கலேட்டர் தூரம். மேலே இருப்பதன் பெயர் அசோக், கீழே இருப்பதன் பெயர் சுக்கும்வித். சாலா டேங்குக்குக் கீழே சீலோம். மோ சிட்டுக்குக் கீழே சதுசக் பார்க். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேலே ஒரு கேட்டில் வெளியேறி, கீழே போய், பை சோதனையைத் தாண்டி, இன்னொரு கேட்டில் நுழையும்போது, அதுவரை ஒரு பாட்டும் கொடுக்காத ஆளைப் போல முதலிலிருந்து கட்டணம் ஆரம்பிக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிடிஎஸ் மையப் பகுதியில் ஒரு ஸ்டேஷன் போனால் 17 பாட், இரண்டுக்கு 25, மூன்றுக்கு 28, நான்குக்கு 32, ஐந்துக்கு 35, ஆறுக்கு 40, ஏழுக்கு 43, எட்டும் அதற்கு மேலும் 47. நீலத் தடத்தில் 17-இல் தொடங்கி 45 வரை. இரண்டிலும் கவனியுங்கள்: காசு போவது தூரத்துக்கு அல்ல, நுழைவதற்கு. உள்ளே வந்துவிட்டால் அடுத்தடுத்த ஸ்டேஷனுக்குச் சில பாட்தான் கூடுகிறது. ஒரே நிறுவனத்தின் ரயிலில் ஆறு ஸ்டேஷன் போனால் 40. அதே ஆறு ஸ்டேஷனை மூன்று மூன்றாகப் பிரித்து நடுவில் ஒரு கேட்டை வைத்தால் 28-உம் 28-உம் 56. ரயில் கூடுதலாக ஓடவில்லை, பயணி கூடுதல் தூரம் போகவில்லை. 16 பாட் மட்டும் கூடுதலாகப் போய்விட்டது.

இதன் அநியாயம் தெரிய சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பாங்காக் வரும் தமிழர்கள் பெரும்பாலும் தவறாமல் போகும் இடம், 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. அசோக் பக்கம் தங்கியிருப்பவர் அங்கே போக நேர்வழி என்றால், சுரங்க ரயிலில் நான்கு ஸ்டேஷன் போய் சீலோமில் இறங்கி, சாலா டேங்கில் ஏறி மூன்று ஸ்டேஷன் தாண்டி சுரசக்கில் இறங்க வேண்டும். அந்த இரண்டாவது பாதிக்கு மட்டும் தனியாக 28. முதல் பாதியையும் கூட்டினால் 50-ஐ ஒட்டி வந்துவிடும். அப்படியில்லாமல் பிடிஎஸ்ஸிலேயே வடக்கே சுற்றிக்கொண்டு சியாம் போய், அங்கே ரயில் மாறி, ஒன்பது ஸ்டேஷன் போனால் 47-ஓடு முடிந்துவிடும். சுற்று வழி மலிவு, நேர்வழி அதிகம்! ஊருக்குள் குறுக்கே சுரங்கம் தோண்டி ரயில் விட்டது எதற்கு? அதில் ஏறாமல் சுற்றிப் போகச் சொல்வதற்கா?

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து வரும் வழி இதைவிட மோசம். விமான நிலைய ரயிலில் மக்கசான் வரை 35 பாட். நடைபாலம் தாண்டி எதிரே இருக்கும் பெட்சபுரி ஸ்டேஷனில் நீலத் தடம் பிடித்து ஒரே ஒரு ஸ்டேஷன், சுக்கும்வித், 17 பாட். அங்கே மேலேறி அசோக்கிலிருந்து தோங் லோவுக்கு இரண்டு ஸ்டேஷன், 25 பாட். ஆக 77 பாட், மூன்று கேட், மூன்று டிக்கெட், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை ஏறி இறங்குதல். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 231. அதே தூரத்துக்கு டாக்ஸி மீட்டரைப் போட்டுப் பாருங்கள்: முதல் கிலோமீட்டருக்கு 35, பத்து வரை கிலோமீட்டருக்கு 6.50, இருபது வரை 7, அதற்கு மேல் 8. 28 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 228, விமான நிலையக் கூடுதல் கட்டணம் 50. நெரிசல் நேரமும் சுங்கமும் தனி. நள்ளிரவுக்கு முன் சாலை காலியாக இருக்கும்போது வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடும் காருக்கும், மூன்று கேட் தாண்டும் ரயிலுக்கும் வித்தியாசம் ஐம்பது பாட்டைத் தாண்டவில்லை. பெட்டி தூக்கும் சிரமத்துக்கு யாராக இருந்தாலும் காரில்தான் ஏறுவார்கள். அப்புறம் "சாலையில் இவ்வளவு நெரிசலா" என்று கேட்டு என்ன பயன்?

ஏன் இப்படி? பிடிஎஸ் ஓடும் பச்சைத் தடம் 1999 டிசம்பரில் தொடங்கியபோது பாங்காக் மாநகராட்சியிடம் முப்பது ஆண்டு உரிமம் வாங்கிய தனியார் நிறுவனத்தின் கையில் போனது. 2004-இல் வந்த நீலத் தடம் எம்ஆர்டிஏ என்ற அரசு ஆணையத்தின் கீழ் இன்னொரு நிறுவனத்துக்கு. 2010-இல் வந்த விமான நிலைய ரயிலும், பிறகு வந்த சிவப்புத் தடமும் ரயில்வேயுடையவை. ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனியே எழுதப்பட்டது. நுழைவுக் கட்டணம் அவரவர் வருமானம். ஒருவர் விட்டுக்கொடுத்தால் அந்த இழப்பை யார் தருவது என்ற கேள்வியில்தான் இருபது ஆண்டுக்கும் மேலாக எல்லாம் நிற்கிறது.

பொது அட்டை என்று 2018-இல் மங்மூம் கார்டைக் கொண்டுவந்தார்கள். பிடிஎஸ் கேட்டில் அது செல்லவே இல்லை. 2022-இல் எம்ஆர்டி கேட்டில் விசா, மாஸ்டர்கார்டு தட்டிப் போகும் வசதி வந்தது, நல்லது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பச்சைத் தடம் அதை ஏற்கவில்லை. அவர்களுக்கு ராபிட் கார்டு. பாஸ்போர்ட்டைக் காட்டி 200 பாட் கொடுத்தால் அதில் 100 கார்டு விலை, மீதி 100தான் பயணத்துக்கு. டாப்-அப் செய்தாலும் 100-க்குக் குறைத்து வாங்க மாட்டார்கள். ஊருக்குக் கிளம்பும்போது உள்ளே மாட்டிக்கொண்ட 38 பாட்டுக்கு யார் போய் வரிசையில் நிற்பது? நீல நிற மின்சாரப் பேருந்துகளுக்கு ஹாப் கார்டு, அது இன்னொன்று.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்டு ஒன்றானால் பிரச்சினை தீர்ந்தது என்று பேசுகிறவர்கள் விஷயத்தைத் திசை திருப்புகிறார்கள். ஒரே கார்டில் இரண்டு முறை 17 பிடித்தால் அது ஒரே கார்டில் நடக்கும் அதே அநியாயம். ஒன்றாக வேண்டியது கட்டணம். முடியாது என்றும் சொல்ல முடியாது. தாவ் பூன் ஸ்டேஷனில் நீலத்திலிருந்து ஊதாத் தடத்துக்கு மாறினால் ஒரே பயணமாகத்தான் கணக்கிடுகிறார்கள். லாட் பிராவில் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு அதே வங்கி அட்டையைத் தட்டி உடனே மாறினால் இரண்டாவது நுழைவுக் கட்டணம் விழாது. (உள்ளே போனில் தட்டி, வெளியே பிளாஸ்டிக் அட்டையைத் தட்டாதீர்கள். ஒரே கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு அட்டைகள், கேட் திறக்காது.) சிங்கப்பூரில் 2010-இலிருந்து பேருந்தில் ஏறி ரயிலுக்கு மாறினால் மொத்தத் தூரத்துக்கே கட்டணம், மாறியதற்குத் தண்டனை கிடையாது. கோலாலம்பூரில் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் மூன்றும் ஒரே டிக்கெட்டில் ஓடுகின்றன. பாங்காக்கின் இயந்திரங்களுக்கும் இதைச் செய்யத் தெரியும். மனிதர்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள்.

சரி, பயணிகள் என்ன செய்வது? அறை பார்க்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், கேட் எண்ணிக்கையைப் பாருங்கள். நீங்கள் போகப்போகும் இடங்களுக்கு எந்தத் தடம் நேராகப் போகிறதோ அந்தத் தடத்தின் மேலேயே தங்குங்கள். அரண்மனை, வாட் போ கோயில் பக்கம் போக சனாம் சாய் ஸ்டேஷன் 2019-இலிருந்து இருக்கிறது, நீலத் தடத்தில் நேராகப் போய் இறங்கலாம். அதற்கு பிடிஎஸ்ஸில் சபான் தக்சின் போய்ப் படகு மாறினால் இரண்டு கட்டணம். நாளுக்கு 300 பாட் குறைவு என்று எந்தத் தடத்தையும் ஒட்டாத சந்துக்குள் அறை எடுத்தால், மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்கும் இரண்டு கேட்டுக்கும் அந்த 300 இருவருக்கு ஒரே நாளில் கரைந்துவிடும்.

பிடிஎஸ் ஒருநாள் அட்டை 150 பாட் என்று தூக்கிக் கொடுப்பார்கள். அது 24 மணி நேரம் அல்ல, அன்று கடைசி ரயில் வரை மட்டும். மாலை நான்கு மணிக்கு வாங்கினால் பணம் வீண். காலையிலேயே வாங்கி, ஒவ்வொன்றும் 40 பாட்டுக்குக் குறையாத நான்கு பயணம் போனால்தான் லாபம். எம்ஆர்டி கேட்டில் செல்லாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஒற்றை டிக்கெட் எடுப்பவர்கள் சில்லறை வைத்திருங்கள். பழைய டிக்கெட் இயந்திரங்கள் நாணயம் மட்டுமே விழுங்கும். நோட்டைச் சில்லறையாக்க ஒரு வரிசை, டிக்கெட்டுக்கு இன்னொரு வரிசை.

படகு மட்டும்தான் மனசாட்சியோடு ஓடுகிறது. சாத்தோன் துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். ஆனால் பிடிஎஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் எதிரே நிற்பவர்கள் நீலக் கொடிச் சுற்றுலாப் படகுக்குத்தான் இழுப்பார்கள். அதில் ஒற்றைப் பயணமே இரு மடங்குக்கு மேல். "ஆரஞ்சு" என்று சொல்லிவிட்டு நேராக நடந்துகொண்டே இருங்கள். ஏசி இல்லாத சிவப்புப் பேருந்து 8 பாட். நேரம் இருந்தால் அதைப்போல் நல்லது வேறில்லை.

டாக்ஸி மீட்டர் போட மறுப்பதைப் பற்றி எல்லோரும் கத்துகிறார்கள். மறுப்பது சட்டப்படி தவறு, 1584 என்ற தொலைபேசி எண்ணுக்குப் புகார் செய்யலாம், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் டாக்ஸி வரிசை இயந்திரம் தரும் சீட்டைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள். ஆனால் 35 பாட் என்ற ஆரம்பக் கட்டணம் 1992-இல் வைத்தது. இன்றும் சாதாரண டாக்ஸிக்கு அதேதான். நெரிசலில் நின்றால் நிமிடத்துக்கு 3 பாட், ஒரு மணி நேரம் முழுக்க நின்றாலும் 180. வண்டி வாடகையும் எரிவாயுவும் அதிலிருந்துதான். மாலை நான்கு மணிக்கு அவர்கள் தலையாட்டி மறுப்பதற்கு, வண்டியை அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் திருப்பித் தர வேண்டியதும் காரணம். ஓட்டுநரிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் செயலியில் விலை பார்த்து வண்டி அழையுங்கள்.

ஏடிஎம் இன்னொரு கேட். வெளிநாட்டு அட்டைக்குப் பெரும்பாலான வங்கிகளில் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல், ஆயிரம் எடுத்தாலும் இருபதாயிரம் எடுத்தாலும். "உங்கள் நாணயத்தில் மாற்றித் தரட்டுமா" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி பாட்டிலேயே எடுங்கள். கையில் பணம் கொண்டுவந்தால் மடிப்பில்லாத நூறு டாலர் நோட்டாக இருக்கட்டும், சிறிய நோட்டுக்கு விலை குறைவு. சுவர்ணபூமியில் மேலே வங்கிக் கவுண்டரில் மாற்றாமல், கீழே ரயில் ஸ்டேஷன் இருக்கும் தளத்துக்கு இறங்கி மாற்றுங்கள்.

நமக்கு இது நாலு நாள் எரிச்சல். இங்கேயே வேலைக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஓன் நுட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு பிரா ராம் 9-இல் வேலைக்குப் போகும் பெண், அசோக் வரை 35, அங்கே மாறினால் 17-க்குக் குறையாமல் இன்னொன்று. ஒரு பக்கம் 52 என்றாலும் போய்வர நூறைத் தாண்டிவிடும். சந்திலிருந்து ஸ்டேஷனுக்கு மோட்டார் சைக்கிள் செலவு இதில் சேரவில்லை. பாங்காக்கின் குறைந்தபட்ச நாள் கூலி 2025 ஜூலையில்தான் 400 பாட் ஆனது. நாலில் ஒரு பங்கு கேட்டுக்குள் போகிறது. தேர்தல் வந்தால் ரயிலில் எங்கே போனாலும் 20 பாட் என்று பேசுகிறார்கள். 2023 அக்டோபரில் அதை ஆரம்பித்ததும் சிவப்பிலும் ஊதாவிலும்தான். அலுவலகங்கள் நெருங்கிக் கிடக்கும் பச்சையையும் நீலத்தையும் அது தொடவில்லை.

பச்சைத் தடத்தின் மையப் பகுதிக்கான உரிமம் 2029-இல் முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் யார் கைக்குப் போனாலும், அதில் ஒரே ஒரு வரி வேண்டும்: வேறு தடத்திலிருந்து மாறி வருபவரிடம் இரண்டாவது நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் மாநகராட்சி கையெழுத்துப் போட்டால், இன்னும் முப்பது ஆண்டுக்கு அந்த ஓன் நுட் பெண்ணும், அவள் பிள்ளைகளும் அசோக்கில் இரண்டாம் முறை காசு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.