ஒரு லட்சம் லூமன் டார்ச்சும் ஒரு வகுத்தல் கணக்கும்

ஆன்லைனில் டார்ச் லைட் என்று தேடிப் பாருங்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் 'ஒரு லட்சம் லூமன்' என்று கூசாமல் போட்டிருப்பார்கள். லூமன் என்பது ஒரு விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமன் தரும். அப்படிப் பார்த்தால் கைக்குள் அடங்கும் அந்த டார்ச்சுக்குள் நூறு பல்புக்கு மேல் எரிய வேண்டும்.

இதைப் பொய் என்று காட்ட ஆய்வுக்கூடம் எதற்கு? பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் 18650 எனப்படும் ஒரே ஒரு லித்தியம் செல்தான். அது நல்ல செல்லாகவே இருந்தாலும் கொள்ளளவு 3,500 எம்ஏஹெச், அதாவது சுமார் 12.6 வாட்-மணி (12.6 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு). எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் கொடுப்பதாக வைத்தால், ஒரு லட்சம் லூமனுக்கு 1,000 வாட் வேண்டும். முக்கால் நிமிடத்தில் செல் காலி. உண்மையில் அந்த செல்லிடமிருந்து 100 வாட் வாங்குவதே பெரும்பாடு. சில செல்களின் மேல் 9,900 எம்ஏஹெச் என்று அச்சடித்திருக்கும். அந்த அளவு செல்லில் அவ்வளவு கொள்ளளவை இதுவரை யாரும் அடைத்ததில்லை.

இது அப்பட்டமான பித்தலாட்டம், விடுங்கள். என்னை அதிகம் உறுத்துவது ஒழுங்கான கம்பெனிகள் போடும் எண்தான். அமெரிக்காவில் 2009இல் டார்ச்சுகளுக்காக வந்த எஃப்.எல்.1 தரவிதிப்படி, டார்ச்சைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் வெளிச்சத்தை அளந்தால் போதும். எரியும் நேரமோ, வெளிச்சம் அதில் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரை! ஆக, அட்டையில் இருக்கும் '1,000 லூமன்', '3 மணி நேரம்' இரண்டுமே விதிப்படி சரி. சேர்த்துப் படிக்கிற நாம்தான் ஏமாறுகிறோம். அதே 12.6 வாட்-மணியை எடுங்கள். வாட்டுக்கு 120 லூமன் என்று தாராளமாகவே வைத்தாலும், 1,000 லூமனை ஒன்றரை மணி நேரம்தான் தர முடியும். அதற்கும் சூடு விடாது. சின்ன உடம்பு என்பதால் சில நிமிடங்களிலேயே சர்க்யூட் தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படிப்படியாகக் குறைவதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். வெள்ளைக் கூரை உள்ள பாத்ரூமில் டார்ச்சை நிமிர்த்தி வைத்துக் கூரையைப் பார்த்து அடியுங்கள். நேரடி ஒளி படாத மூலையில் போனை வைத்து, லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) காட்டும் ஆப்பில் அரை நிமிடத்தில் ஒன்று, பத்து நிமிடத்தில் ஒன்று எனக் குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நம்பகமான டார்ச் ஒன்றையும் அதே இடத்தில் அளந்து, விகிதத்தை மட்டும் பாருங்கள். என்னிடம் இருக்கும் 'லட்சம் லூமன்' டார்ச், நல்ல 1,000 லூமன் டார்ச்சில் பாதியைக்கூடத் தொடவில்லை.

அப்புறம் எப்படி எல்லோரும் 'செம வெளிச்சம்' என்று ஐந்து ஸ்டார் போடுகிறார்கள்? ஜூம் லென்ஸின் வேலை அது. முன்பக்கத்தை இழுத்தால் சுவரில் பளிச்சென்று ஒரு சதுரம் விழும். அப்போது ஒளியின் பெரும்பங்கு குழாய்க்குள்ளேயே வீணாகிறது. மொத்த லூமன் குறைய, நடுப்புள்ளி மட்டும் கண்ணைப் பறிக்கும்.

தூரத்துக்குப் பார்க்க வேண்டியது கேண்டெலா, அதாவது ஒளி ஒரே திசையில் எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்ற அளவு. 10,000 கேண்டெலா இருந்தால் அட்டையில் 200 மீட்டர் என்று போடலாம். ஆனால் அந்த 200ஆவது மீட்டரில் விழுவது 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவொளி. ஏதோ நிற்கிறது என்று தெரியும், நாயா நரியா என்று தெரியாது. என்னைக் கேட்டால் போட்டிருக்கும் தூரத்தில் பாதியைத்தான் நம்புவேன். ராத்திரியில் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகும் சித்தப்பா டார்ச் கேட்டபோது, 500 லூமன்தான் என்றாலும் கேண்டெலா அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். கூடவே, நிமிடத்துக்கு நிமிடம் வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தைக் கையேட்டில் போடுகிற கம்பெனியா என்றும் பார்க்கச் சொன்னேன். சிலர் போடுகிறார்கள்.