சாந்தோம் பேராலயம்: இப்போதுள்ள கட்டடம் எப்போது எழுந்தது?

ஒருவர் சென்னை சாந்தோம் பேராலயத்தின் படத்தைப் போட்டு, 'இது 500 ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுகீசியர் கட்டிய கட்டடம்' என்று எழுதியிருக்கிறார். பலர் அதையே பகிர்ந்தும் இருக்கிறார்கள். அதில் ஒரு சிறிய திருத்தம்.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே ஒரு தேவாலயம் கட்டியது உண்மைதான். ஆனால் படத்தில் நாம் பார்ப்பது அது இல்லை. அந்தப் பழைய கட்டடத்தை 1893இல் இடித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாகக் கட்டி 1896இல் முடித்தார்கள். அப்போது நடந்தது ஆங்கிலேயர் ஆட்சி. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த நவகோதிக் பாணியில்தான் (இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களைப் போலக் கட்டும் முறை) இதையும் எழுப்பினார்கள். இடம் பழையது, கட்டடத்துக்கு வயது ஏறக்குறைய 130.

நேரில் போனால் நீங்களே பார்க்கலாம். வாசல்களும் சன்னல்களும் உச்சியில் கூராக முடியும், வண்ணக் கண்ணாடி பதித்திருக்கும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் உயரமான கோபுரத்தோடு கூரை நடுவே இன்னொரு சின்னக் கோபுரமும் தெரியும். அந்தச் சின்னக் கோபுரம், இயேசுவின் சீடரான தோமாவின் கல்லறை என்று நம்பப்படும் இடத்துக்கு நேர் மேலே நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஆண்டைச் சரிபார்க்க, பேராலயத்தின் வரலாற்றுக் குறிப்பையே படிக்கலாம். அப்புறம், 1893க்கு முந்தைய ஓவியம் ஏதாவது கிடைத்தால் இந்தப் படத்தோடு வைத்துப் பாருங்கள். முடிந்தால் பதிவில் ஆண்டை மட்டும் மாற்றிவிடுங்கள், நன்றி.