பார்வதியின் நெற்றித் தழும்பு

காதலில் தோற்றுத் தாடி வளர்த்தவனுக்கெல்லாம் தமிழில் 'தேவதாஸ்' என்றுதான் பெயர். 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம் செய்த வேலை அது. கண்டசாலாவின் 'உலகே மாயம்' காதில் விழுந்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஆனாலும் அந்தப் படத்துக்கு மூலமான, வங்க எழுத்தாளர் சரத்சந்திரரின் 'தேவதாஸ்' நாவலை மறுபடி படித்து முடித்த கையோடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் குடிகாரனுக்காக நம்மை அழவைத்து அழவைத்தே, சினிமா அவனுடைய பால்யக் காதலி பார்வதியை மறக்கடித்துவிட்டது.

1917-இல் வெளியான சின்னஞ்சிறு வங்க நாவல் அது. நடுநிசியில் தன்னந்தனியாக தேவதாஸின் அறைக்கு நடந்துபோய் நிற்பவள் பார்வதி. அவனுக்கோ, யாராவது பார்த்துவிட்டார்களா என்ற கவலை. பிறகு கல்கத்தாவுக்கு ஓடிப்போய், உன்மேல் எனக்கு அப்படியொன்றும் பெரிய காதல் இருந்ததில்லை என்று கடிதம் எழுதுகிறான். தபாலில் சேர்த்த பிறகுதான் மனம் பதறுகிறது.

அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமான பின் குளத்தங்கரையில் சந்திக்கிறார்கள். இம்முறை அவள் நிமிர்ந்து பேசுகிறாள். அவனோ, நிலவுக்கே களங்கம் உண்டே, உன் முகத்திலும் ஒன்று இருக்கட்டும் என்று தூண்டில் கழியால் அவள் நெற்றியில் ஓங்கி அடிக்கிறான். ரத்தம் வழிகிறது. அடித்த அதே கை சட்டையைக் கிழித்து, தண்ணீரில் நனைத்துக் கட்டும் போடுகிறது. இந்த ஒரு பக்கத்தைப் படித்தவர்கள் தேவதாஸை எப்படிக் காவிய நாயகனாகக் கொண்டாட முடியும்?

2002-இல் வந்த சஞ்சய் லீலா பன்சாலியின் படத்தில் அடிப்பது கழுத்தணியால். காயம்கூட அலங்காரமாகிவிட்டது. மாளிகையும் விளக்குகளும் கண்ணைப் பறிக்கும் அந்தப் படத்தில், நாவலில் சந்தித்தே இராத பார்வதியும், தேவதாஸை நேசிக்கும் தாசி சந்திரமுகியும் சேர்ந்து நடனமாடுகிறார்கள்.

நாவலில் இல்லாததைச் சேர்ப்பது குற்றமென்று நான் சொல்லவில்லை. 1955-இல் இதே கதையை இந்தியில் எடுத்த இயக்குநர் பிமல் ராயும் சேர்த்தார். பல்லக்கில் போகும் பார்வதியான சுசித்ரா சென்னும் எதிரே நடந்து வரும் சந்திரமுகியான வைஜயந்திமாலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு சொல் இல்லை. ஒருவனுக்காகவே உருகும் இரண்டு பெண்கள், இன்னார் என்று தெரியாமலேயே கடந்துபோகிறார்கள். சரத்சந்திரர் எழுதாத காட்சி, அவரே எழுதியது போல இருக்கிறது. (அந்தப் படத்துக்குத் துணை நடிகை என்று கொடுக்கப்பட்ட ஃபிலிம்ஃபேர் விருதை வைஜயந்திமாலா ஏற்க மறுத்தார். சந்திரமுகி துணைப் பாத்திரம் இல்லை என்றார். எவ்வளவு சரியான வாசிப்பு!)

தேவதாஸ் பார்வதியின் புகுந்த வீட்டு வாசலில் மரத்தடியில் இறப்பதை எல்லோரும் படமாக்கிவிட்டார்கள். நாவல் அதோடு நிற்பதில்லை. செய்தி கேட்டு வெளியே ஓடியவளைப் பிடித்து, மயங்கிய நிலையில் உள்ளே தூக்கி வருகிறார்கள். மறுநாள் நினைவு திரும்பியதும், அவர் ராத்திரியே வந்துவிட்டார் இல்லையா, ராத்திரி முழுவதும் என்று ஏதோ கேட்க வந்து, முடிக்காமலேயே மௌனமாகிவிடுகிறாள். அந்தப் பாதிக் கேள்வியில் முடிகிற ஒரு படத்துக்காகக் காத்திருக்கிறேன்.