ஆர்ம் லேப்டாப்பில் இன்டெல் மென்பொருள் ஓடாதா?

‘ஆர்ம் சிப் லேப்டாப்பில் இன்டெல்லுக்காக எழுதிய மென்பொருள் எதுவும் ஓடாது’ என்று புதுச்சேரி, கடலூர் வணிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. ஆர்ம் என்பது இன்டெல்லிலிருந்து வேறான கட்டளைகளில் இயங்கும் சிப் வகை. ஆர்முக்கான விண்டோஸ் 10இல் பழைய வகையான 32 பிட் இன்டெல் மென்பொருளுக்கு மட்டுமே வழி இருந்தது. அந்தக் காலத்துப் பேச்சு இது. 2021இல் வந்த விண்டோஸ் 11, இன்று பரவலான 64 பிட் இன்டெல் மென்பொருளையும் ஓடும்போதே ஆர்ம் கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறது. வேகம் சற்றுக் குறையலாம்.

உண்மையான சிக்கல், கருவிகளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரில்தான். அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்குவதால் இந்த மாற்று வழி அதற்குக் கிடையாது. 64 பிட் ஆர்ம் சிப்புக்கென்றே எழுதிய ஆர்ம்64 டிரைவர் தனியே வேண்டும். யுஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, பழைய பிரின்டர் இவைதான் மாட்டிக்கொள்ளும். புதுச்சேரி நேரு வீதிக் கடையில் பணம் கட்டுமுன் டோக்கனைக் கையோடு கொண்டுபோய்ச் செருகி, ஒரு பிடிஎஃப்பில் கையொப்பமிட்டுப் பாருங்கள். விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிந்து, தயாரிப்பாளர் தளத்திலும் ஆர்ம்64 டிரைவர் இல்லையென்றால், அந்த லேப்டாப் உங்கள் அலுவலகத்துக்கு வேண்டாம்.